ரிஷ்லியூ நிற்கும் அணை: மோத்தின் ஓவியம் முற்றுகையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

கரிக்கோல்: ஆன்ரி மோத் 1881-இல் வரைந்த லா ரோஷேல் முற்றுகை ஓவியத்தைப் போன வாரம் இங்கே எல்லாரும் ஆகா ஓகோ என்றீர்கள். எனக்கு ஒப்பவில்லை. லா ரோஷேல் பிரான்சின் ஒரு கடலோரத் துறைமுக ஊர். கத்தோலிக்க அரசர் பதின்மூன்றாம் லூயியின் படை அதை வளைத்தது. 1627 செப்டம்பரில் தொடங்கி 1628 அக்டோபர் வரை நீண்ட முற்றுகை அது. உள்ளே சுமார் 27 ஆயிரம் புராட்டஸ்டன்ட் மக்கள். கதவு திறந்தபோது மிஞ்சியது 5 ஆயிரம் சொச்சம். குதிரை, நாய், பூனை எல்லாம் தீர்ந்து தோலை வேகவைத்துத் தின்ற ஊர். படத்தில் அந்த ஊர்க்காரர் முகம் ஒன்றாவது உண்டா? அந்த முற்றுகையை நடத்திய கார்டினல் ரிஷ்லியூ, அதாவது கத்தோலிக்க உயர்குருவும் அரசரின் தலைமை அமைச்சருமானவர், சிவப்பு அங்கியில் கடலைப் பார்த்து நிற்கிறார், அவ்வளவுதான்.

பழையஏடு: படத்தை இன்னொரு தடவை பாருங்கள் கரிக்கோல். கதாநாயகன் ரிஷ்லியூ இல்லை, அவர் காலடியில் இருக்கும் அணை. நிலத்தில் எத்தனை படை சுற்றி நின்றாலும் கடல் வழியே ஊருக்குத் துணை நின்ற ஆங்கிலேயர் தானியம் கொண்டுவந்தால் முற்றுகை வீண். அதனால் மெத்தெஸோ, திரியோ என்ற இருவரின் திட்டப்படி விரிகுடாவின் குறுக்கே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்குக் கட்டினார்கள். கல் நிரப்பிய கப்பல்களை மூழ்கடித்து, மேலே கல்லைக் கொட்டி, கூர்மரங்களை நட்டார்கள். ஏற்றவற்றம் அடித்துக்கொண்டு போகாமலிருக்க நடுவில் ஓர் இடைவெளி. 1628 மே மாதம் ஆங்கிலக் கப்பற்படை வந்தது, திரும்பிப் போனது. செப்டம்பர் கடைசியில் மறுபடி வந்தது, அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. பட்டினியை உண்டாக்கிய கருவியையே மோத் வரைந்திருக்கிறார். பிணத்தைக் காட்டினால்தான் சாவா?

கரிக்கோல்: கருவியைக் காட்டட்டும். அதன் சொந்தக்காரரை ஏன் இப்படி மாப்பிள்ளை மாதிரி நிறுத்த வேண்டும்? கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞைப் பூ, காப்பவனுக்கு நொச்சிப் பூ என்று நம்மவர்கள் இரண்டையும் பாடினார்கள். இது முழுக்க உழிஞை. மேயர் ழான் கித்தோன் எங்கே? ஊரை விட்டு அனுப்பப்பட்ட கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் எங்கே? அரசப் படை அவர்களுக்கு வழி விடவில்லை. நடுவெளியிலேயே செத்தார்கள்.

பழையஏடு: தொல்காப்பியத்தில் நொச்சிக்குத் தனித்திணை கிடையாது, உழிஞைக்குள்ளேயே அடக்கம். அப்புறம், அந்த மக்களை வெளியே தள்ளியது யார்? சாப்பாடு போதாமல் ஊரே தள்ளியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அங்கியின் மேல் என்ன இருக்கிறது என்று இருவருமே சொல்லவில்லை. இரும்பு மார்புக்கவசம்! பாதி பாதிரியார், பாதி தளபதி. பின்னால் குருமார் கூட்டம் ஒதுங்கி நிற்க, இவர் மட்டும் முன்னே, ஈரக் கல்லின் மேல். எனக்கு அது புகழ்ச்சியாகத் தெரியவில்லை, அச்சமாகத்தான் இருக்கிறது. படத்துக்கு முந்தின வருடம், 1880-இல்தான் பிரான்சில் அனுமதி பெறாத துறவற சபைகளைக் கலைக்க அரசு ஆணை போட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் கவசம் போட்ட பாதிரியார் புகழ்ச்சியா? இன்னொன்று, பாரிஸே 1870-71-இல் பிரஷ்யர்களிடம், அதாவது ஜெர்மானியப் படையிடம், நாலு மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்தது. எலி தின்றார்கள், விலங்குப் பூங்காவின் இரண்டு யானைகளைக்கூட வெட்டித் தின்றார்கள். பத்து வருடம் கழித்து அவர்களுக்குப் பட்டினியை வரைந்து காட்ட வேண்டுமா என்ன?

கரிக்கோல்: யானை விஷயம் சரியான அடி. ஆனால் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. தானே பசித்த பாரிஸ்காரன், அணையின் மேலேறி வளைத்தவன் பக்கத்திலிருந்து எப்படிப் பார்த்தான்? கவசத்தைக் கவனிக்காதது என் தப்பு. அணை பற்றியும் விட்டுக்கொடுக்கிறேன். ரிஷ்லியூவை விட மாட்டேன்.

பழையஏடு: விட வேண்டாம். படம் இருப்பதே லா ரோஷேல் நகரத்துச் சேகரிப்பில்தான். நகர மண்டபத்துக்கு முன்னால் கித்தோனுக்குச் சிலையும் உண்டு. அதே கித்தோன் பிற்பாடு அரசரின் கடற்படையிலேயே சேர்ந்தார், தெரியுமா?

கரிக்கோல்: தெரியும். அதை ஏன் மோத் வரையவில்லை என்றுதான் கேட்கிறேன்.