அனுபவப் பகிர்வு: பிறந்த குழந்தைக்கு எடை சரியா வருது, நீளம்தான் இடிக்குது

பிரசவ வார்டு செவிலியர், புதுச்சேரி:
டேப்பைப் படுக்கையில் விரித்து அளந்தால் ஓரிரு சென்டிமீட்டர் பிசகுவது சர்வ சாதாரணம். குழந்தை காலை மடக்கியே வைத்திருக்கும். இன்ஃபன்டோமீட்டர் (குழந்தையைக் கிடத்தி நீளம் அளக்கும் பலகை; தலைப்பக்கம் நிலையான பலகை, கால்பக்கம் நகரும் பலகை) இருந்தாலும் ஒரே ஆளால் ஆகாது. ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, உச்சி பலகையில் முட்ட, கண் நேர்மேலே பார்க்க வைக்கணும். இன்னொருவர் முட்டியை மெல்ல அழுத்திக் காலை நீட்டி, நகரும் பலகையைக் குதிகாலில் பதியும்படி கொண்டுவரணும். விரல் நுனியில் பட்டு நின்றால் அளவு கூடிவிடும். மில்லிமீட்டர் வரை எழுதுங்க.

குழந்தை மருத்துவர், கடலூர்:
சிஸ்டர் சொன்னது சரி. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவுகோலுக்கான ஆய்வில் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தார்கள். நீளத்தில் 7 மி.மீ., தலைச்சுற்றளவில் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளந்தார்கள். நாம் இஷ்டத்துக்கு அளந்துவிட்டு அந்த அட்டவணையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பிறப்பில் ஆண் குழந்தைக்கு நடுமதிப்பு 3.3 கிலோ, 49.9 செ.மீ.; பெண்ணுக்கு 3.2 கிலோ, 49.1 செ.மீ. "நம்ம ஊர்ப் பிள்ளை சின்னதாத்தான் இருக்கும்" என்ற சமாதானமும் எடுபடாது. ஆய்வு நடந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் உண்டு. வசதியும் தாய்ப்பாலும் கிடைத்த டெல்லிக் குழந்தைகளின் நீளம் மற்ற நாட்டுக் குழந்தைகளோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

கிராம சுகாதார செவிலியர், குறிஞ்சிப்பாடி பக்கம்:
எடையிலும் கோளாறு இருக்கு சார். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைந்த குழந்தை; 2,460 கிராமை 2.5 கிலோ என்று எழுதினால் எடை குறைந்த குழந்தை கணக்கிலிருந்தே காணாமல் போயிடும். ஃபேனை நிறுத்துங்க, காற்றில் எண் ஆடும். விரிப்பைப் போட்டு, பூஜ்யம் வந்த பிறகு துணியில்லாமல் கிடத்துங்க. வளையல், அரைஞாண் கயிறு எல்லாம் கழற்றணும். பாட்டிமார் முறைப்பாங்க, பரவாயில்லை. தலைச்சுற்றளவு எப்போ எடுக்கறது சார்? சுகப்பிரசவத்தில் தலை நீண்டு, வீங்கி இருக்கே?

குழந்தை மருத்துவர், கடலூர்:
முதல் நாளே எடுத்து எழுதுங்கம்மா. வீக்கம் வடிந்ததும் மூன்றாம் நாள் வாக்கில் மறுபடி எடுத்து, அதை அடிப்படையாக வையுங்க. டேப் புருவத்துக்கு மேலே, பின்மண்டை புடைப்பின் மீது போகணும். தையல்கார டேப் வேண்டாம், நாளடைவில் இழுபடும். 37 வாரத்துக்கு முன் பிறந்ததை இந்த அட்டவணையில் வைக்காதீங்க. அதற்கு இன்டர்குரோத் 2014 என்ற, கர்ப்ப வாரத்தை வைத்துப் பார்க்கும் பிறப்பு அளவு அட்டவணை இருக்கு, ஆனால் வாரக்கணக்கு முதல் மூன்று மாத ஸ்கேன்படி இருக்கணும்.