கம்ப்ரெஷனுக்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அன்பு நண்பர்களே,

இசைத்தயாரிப்பு அடிப்படை வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘வேறு வேறு பாட்டெல்லாம் ஏன் ஒரே மாதிரி கேட்கிறது?’ என்பது மூன்றாம் பாடம். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று சுற்றிச்சுற்றி வரும் அதே நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), எல்லோரும் வாங்கி வைத்திருக்கும் அதே டிரம் சாம்பிள், கணினி இம்மி பிசகாமல் கட்டத்தில் உட்கார்த்திவிடும் தாளம் எல்லாம் எழுதியாயிற்று. கம்ப்ரெஷனில் மாட்டிக்கொண்டேன்.

‘சுருக்கம்’ என்று போட்டிருந்தேன். போன தேர்வில் பாதிப்பேர் ‘கோப்பின் அளவு குறையும்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது எம்பி3 சங்கதி. நான் சொல்வது, பாட்டில் உரத்த இடங்களைத் தணித்து, பிறகு மொத்தத்தையும் தூக்கி நிறுத்துவது. பழைய ஒலிப்பதிவைத் திரையில் திறந்தால் பனைமட்டைக் கருக்கு போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது, புதியது செங்கல் மாதிரி. பிள்ளைகளுக்குப் படம் புரிகிறது. சொல்தான் இல்லை.

கு., கோவை

----

அன்புள்ள கு.,

சுருக்கம் இங்கே பொருந்தாது. குறுக்கமும் ஆகாது. மகரக்குறுக்கத்தில் அரை மாத்திரை கால் மாத்திரை ஆகிறது, அது காலக்கணக்கு. உங்களுக்கு வேண்டியது ஓசையின் ஏற்ற இறக்கம். நன்னூலார் ‘எடுத்தல் படுத்தல் நலிதல்’ என்று வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எடுத்த ஓசையைப் படுத்துவது, அதாவது உயர்ந்ததைத் தாழ்த்துவது, ‘படுத்தம்’. வேலை முடிந்தது.

வே., மதுரை

----

ஐயா, பாடகரிடம் போய் ‘உங்கள் குரலைக் கொஞ்சம் படுத்துகிறேன்’ என்று நான் சொன்னால் அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஸ்டூடியோவில் ‘வாய்ஸை நல்லா அமுக்கிடு’ என்றுதான் பேச்சு. ‘அமுக்கம்’ என்றே போடுங்கள். கு. அண்ணா, கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் கோப்புச் சுருக்கத்தோடு குழம்பமாட்டார்கள். பெட்டி தாங்கும் உச்ச ஒலி 0 டெசிபெல், மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில். வரம்பு -20 டெசிபெல், விகிதம் 4:1 என்று வைத்தால், -8க்கு ஏறிய குரல் வரம்பைத் தாண்டுவது 12. அதில் காற்பங்கு 3 மட்டும் வெளியே வரும், அதாவது -17. பிறகு எல்லாவற்றையும் 9 டெசிபெல் தூக்கினால் உரத்த குரல் பழையபடி -8, -30இல் முணுமுணுத்த இடமோ -21. இடைவெளி 22ஆக இருந்தது 13 ஆகிவிட்டது. ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் இதையே செய்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்காதா?

ச., சென்னை

----

ச. தம்பிக்கு,

எங்கட பக்கம் அமுக்கம் என்றால் அழுத்தம்தான். தாழமுக்கம், குருதியமுக்கம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒலியைப் பற்றிய பாடத்திலேயே இன்னொரு பொருளில் பாவித்தால் பிள்ளையள் என்ன செய்வினம்? ‘ஒடுக்கம்’ நல்லாய் விளங்கும்.

த., யாழ்ப்பாணம்

----

த. சொல்வது சரி. இங்கேயும் ‘அமுக்கமான ஆள்’ என்றால் கள்ளன். அமுக்கராக் கிழங்குக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதைத் தனியாக எழுதுகிறேன். ஒடுக்கம் அருமை. இடை ஒடுங்கிய கருவி உடுக்கை, ஒடுக்கை என்பதே உடுக்கை ஆயிற்று என்பது என் நெடுநாள் துணிபு. அதன் நாடாவை அமுக்கினால்...

வே., மதுரை

----

வே. ஐயா, நாடாவை அமுக்கினால் சுருதி ஏறும், உரப்பு மட்டுப்படாது. உடுக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

சிலம்பில், அரங்கேற்று காதையில், தண்ணுமை என்ற தோற்கருவியை வாசிக்கும் ஆசிரியனைப் பற்றி ‘ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமை’ என்று வருகிறது. மற்றக் கருவிகளின் குறையை நிரப்புவது ஆக்கல், மிகுதியை அடக்குவது அடக்கல் என்று உரை. ச. போட்ட கணக்கு இதுதானே? -17க்கு இறக்கியது அடக்கல், 9 தூக்கியது ஆக்கல். கம்ப்ரெஷன் பெட்டி செய்வதை அந்த ஆள் விரலால் செய்திருக்கிறான். ‘ஒலியடக்கம்’ என்று வைக்கலாம்.

மீ., திருச்சி

----

மீ. அக்கா, மேற்கோள் பிரமாதம். ஆனால் போனில் ம்யூட் பொத்தானுக்கு ‘ஒலியடக்கு’ என்று போட்டுவிட்டார்களே! வெறும் ‘அடக்கம்’ என்றால் நல்லடக்கம் நினைவுக்கு வருகிறது. ஒடுக்கமும் லேசில்லை, சித்தர் சமாதிக்கு அதுதான் பெயர். எதைத் தொட்டாலும் குழிக்குள் போய் முடிகிறது.

இன்னொன்று, பழி முழுவதையும் கம்ப்ரெஷன் மேல் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஓடுகிற பஸ்ஸில் பாட்டின் மெல்லிய வரி ஒன்றும் காதில் விழாது. சத்தத்துக்காக ஒரேயடியாக அமுக்குவதில் இப்போது லாபமும் இல்லை. ஸ்பாட்டிஃபை, நாம் அமைப்பை மாற்றாதவரை, உரத்த பாட்டை -14 லஃப்ஸ் (பாட்டின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) மட்டத்துக்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகிறது. செங்கல் செங்கலாகவே இருக்கும், ஆனால் தணிந்து கேட்கும். ஒரே மாதிரி கேட்பதற்கு அந்த நான்கு கார்டும் ஒரே சாம்பிளும்தான் முதல் குற்றவாளிகள்.

ச., சென்னை

----

நண்பர்களே,

மணி பதினொன்றரை. உரையில் உள்ள மிகுதியை எடுத்துக்கொண்டு ‘மிகையடக்கம்’ என்று தலைப்பில் போட்டுவிட்டேன், தூக்குவதற்கு ‘ஆக்கல்’. பாடத்துக்குள்ளே கம்ப்ரெஷன் என்றேதான் வருகிறது, வகுப்பில் என் வாயிலும் அதுதான் வரப்போகிறது. மீ., ச. இருவரும் தனி மடலில் சரி என்றார்கள். வே. ஐயா லிமிட்டருக்கு (ஒலியை ஒரு மட்டத்துக்கு மேல் ஏறவிடாத கருவி) ‘மீத்தடை’ என்று அனுப்பியிருக்கிறார், அது அடுத்த பதிப்புக்கு.

கு., கோவை

----

நான் சரி என்று சொல்லவில்லை. மிகையடக்கம் என்றால் அளவுக்கு மிஞ்சின அடக்கம் என்றும் விளங்கலாம், பணிவானவரைச் சொன்ன மாதிரி. இங்கே நான் படிப்பிக்கிறபோது ஒடுக்கம் என்றுதான் சொல்லுவன்.

த., யாழ்ப்பாணம்