பழைய நெட்வொர்க் கார்டு, விண்டோஸ் 10-இல் டிரைவர் ஏறவில்லை

கேள்வி: அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்துவிட்டு 64 பிட் விண்டோஸ் 10 போட்டேன். டிவைஸ் மேனேஜரில் பிசிஐ நெட்வொர்க் கார்டுக்கு மஞ்சள் குறிதான் வருகிறது, சிடியில் இருக்கும் எக்ஸ்பி டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: அந்த சிடியில் இருப்பது 32 பிட் டிரைவராக இருக்கும், 64 பிட் விண்டோஸ் அதை ஏற்கவே ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி வரை போய் அங்குள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அதை வைத்துத் தேடுங்கள். விண்டோஸ் 7-இன் 64 பிட் டிரைவர் கிடைத்தால் பெரும்பாலும் 10-இலும் ஓடும். அதுவரை போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் நெட் வந்துவிடும்.

பதில் 2: முதலில் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து பாருங்கள். அதில் நெட் வந்தால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டவர்: லினக்ஸில் வந்தது! அப்புறம் விண்டோஸ் 7 டிரைவர் போட்டேன், ஓடுகிறது. ரொம்ப நன்றி.