முட்டி வலிக்குப் பிறகு ஆட்டம் மாறிவிட்டது, எந்த மேசைப்பந்து பிளேடு (ரப்பர் ஒட்டும் மரப்பலகை) வாங்கலாம்?

வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் வாரம் மூன்று நாள் மேசைப்பந்து ஆடுகிறேன், வயது 46. ஆறு வருடமாக என் பிளேடு ‘பட்டர்ஃபிளை டிமோ போல் ஏஎல்சி’, கார்பன் இழை அடுக்கு உள்ளது, 88 கிராம்; இரண்டு பக்கமும் ‘டெனர்ஜி 05’ ரப்பர், 2.1 மில்லிமீட்டர் தடிமன். மேசையை விட்டுத் தள்ளி நின்று லூப் (பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிப்பது) அடிப்பதுதான் என் ஆட்டம்.

ஜனவரியில் முட்டி வலி வந்தது. இப்போது மேசையை ஒட்டி நின்று பிளாக் (வரும் அடியை மட்டையை வைத்துத் தடுத்துத் திருப்புவது), குட்டையாகப் புஷ் (பந்தின் அடியில் மெல்லத் தள்ளுவது), வாய்ப்புக் கிடைத்தால் ஒரு அடி. மட்டையில் குறை இல்லை. ஆனால் கார்பன் மேல் மரத்துக்கு அடியிலேயே இருப்பதால் பந்து பட்டதும் பறக்கிறது. பிளாக் நீளமாகிறது, புஷ் எழும்பி அடி வாங்குகிறேன்.

பேக்ஹேண்ட் ரப்பரை 1.7க்கு மாற்றினேன், புஷ் கொஞ்சம் அடங்கியது, பிளாக் அடங்கவில்லை. அப்புறம் நண்பரிடம் ஐந்தடுக்கு முழுமர பிளேடு வாங்கி இரண்டு வாரம் ஆடினேன். பிளாக் அருமை, மனசே நிறைந்தது! ஆனால் ஃபோர்ஹேண்ட் அடியில் உயிர் இல்லை, எதிராளி நிதானமாகத் திருப்புகிறார்.

கையில் 600 வெள்ளி இருக்கிறது, கோலாலம்பூரிலேயே வாங்க வேண்டும். பழைய ரப்பர்களையே ஒட்டுவேன்.

மேசையை ஒட்டி ஆடுகிறவர்களே, ஏழடுக்கு முழுமரமா, கார்பன் நடுமரத்தை ஒட்டியிருக்கும் இன்னர் வகையா, எதை எடுக்கலாம்?