பூட்ரோஸ் காலி: மிதவாதியா, தலையாட்டியா?

வெட்டிப்பேச்சு:
எகிப்து ராஜதந்திரி, பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளர் ஆன பூட்ரோஸ் காலியை “அரபு உலகின் மிதவாத முகம்” என்று இங்கே சிலர் கொண்டாடுகிறீர்கள். எனக்கு அந்தப் பட்டமே இடிக்கிறது. 1977 நவம்பரில் எகிப்து அதிபர் சதாத் இஸ்ரேலோடு சமாதானம் பேச ஜெருசலேம் கிளம்பியபோது வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஃபஹ்மி பதவியை உதறினார். வெளியுறவு இணையமைச்சரான காலியோ கூடவே விமானம் ஏறினார். மறு வருஷம் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் இஸ்ரேலோடு உடன்படிக்கை பேசியபோது அடுத்த அமைச்சர் முகமது இப்ராஹிம் காமிலும் ராஜினாமா. இவர் மட்டும் அசையவில்லை. பாலஸ்தீனர்களுக்கு என்ன கிடைத்தது? தன்னாட்சிப் பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்ததோடு சரி.

நைல்கரை:
ராஜினாமா செய்தவர்களால் ஒரு பிடி மண் திரும்பியதா? 1967ல் இஸ்ரேலிடம் பறிபோன சினாய் தீபகற்பம், டாபா என்ற எல்லைத் துண்டு நீங்கலாக, 1982 ஏப்ரலில் எகிப்து கைக்கு வந்தது. அசையவில்லை என்கிறீர்கள், அடி முழுக்க வாங்கியது யார்? 1979 செப்டம்பர், ஹவானா அணிசேரா மாநாடு. இஸ்ரேலோடு சமாதானம் செய்ததற்காக அரபு லீக் ஏற்கெனவே எகிப்தை விலக்கி, தலைமையகத்தை டூனிஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அணிசேரா இயக்கத்திலிருந்தும் விரட்டப் பார்த்தார்கள். அங்கே எகிப்துக் குழுவின் தலைவராக நின்று மல்லுக்கட்டியவர் காலிதான். விரட்ட முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் 14 வருஷம் இணையமைச்சர் மட்டுமே. முஸ்லிம்கள் பெரும்பான்மையான எகிப்தில் அவர் சிறுபான்மை காப்டிக் கிறிஸ்தவர், மனைவி அலெக்சாண்டிரியா யூதக் குடும்பம். முழு அமைச்சர் நாற்காலி ஏன் வரவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வெட்டிப்பேச்சு:
அனுதாபம் போதும். ஐ.நா.வுக்கு வருவோம். 1990ல் ருவாண்டா அரசுக்கு எகிப்து ஆயுதம் விற்றபோது கதவைத் திறந்துவிட்டவர் இதே இணையமைச்சர். 1994ல் அங்கே படுகொலை நடந்தபோது பொதுச்செயலாளரும் இவரே. இது உறுத்தவில்லையா?

நைல்கரை:
ஆயுத விஷயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது கறைதான். ஆனால் ஏப்ரல் 21 அன்று அமைதிப்படையை 270 பேராகக் குறைத்தது பாதுகாப்புச் சபை. படையைப் பெருக்குவதையும் ஒரு வழியாக அவர் எழுதித்தான் கொடுத்திருந்தார். சபை அதைத் தொடவில்லை. பொதுச்செயலாளரிடம் சொந்தப் படையா இருக்கிறது?

ஓரத்தில்நிற்பவன்:
இடையில் புகுகிறேன். தலையாட்டி என்கிறவர் லெபனானின் கானா கிராமத்தை ஏன் தாண்டிப் போகிறார்? 1996 ஏப்ரல் 18, அங்கே ஐ.நா. முகாமில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் இஸ்ரேலியக் குண்டுகள் விழுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். தவறுதலாக நடந்ததாகத் தெரியவில்லை என்ற விசாரணை அறிக்கையை அமுக்கச் சொல்லி வாஷிங்டன் நெருக்கியது. காலி வெளியிட்டார். நவம்பர் 19ல் அவரது மறுநியமனத்துக்கு ஆதரவு 14, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்க வீட்டோ. (சதாத்தோடு அவர் இஸ்ரேலில் இறங்கியதும் ஒரு நவம்பர் 19தான்.)

வெட்டிப்பேச்சு:
வீட்டோவுக்கு கானா மட்டும் காரணமில்லை. அது அமெரிக்கத் தேர்தல் வருஷம், குடியரசுக் கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை அவர் பெயரை வைத்துக் கிண்டலடித்தார்கள், கிளிண்டன் கைகழுவினார். தியாகி வேஷம் வேண்டாம். போஸ்னியப் போரில் முற்றுகையில் கிடந்த சரயேவோ நகருக்குப் போய், இதைவிட மோசமான பத்து ஊர் இருக்கிறது என்று பேசிய மனுஷன் அவர்.

நைல்கரை:
பேசினார். சோமாலியாவில் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பத்தில் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.