பாதி அளவில் வைத்தால் போகும் டிரான்சிஸ்டர்

மேடை அலங்காரத்துக்குத் தெர்மாகோல் வெட்டுபவர் ஒருவர் தம் கட்டரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். 12 வோல்ட் சப்ளை, சூடேறி வெட்டும் 12 ஓம் நிக்ரோம் கம்பி, கம்பியின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு டிஐபி31சி டிரான்சிஸ்டர். "முழுச் சூட்டில் நாள் முழுக்க வெட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. குறைத்து வைத்தால்தான் டிரான்சிஸ்டர் போகிறது. சரக்கு போலிதானே ஐயா?" என்றார்.

டிரான்சிஸ்டருக்குக் கலெக்டர், எமிட்டர், பேஸ் என மூன்று கால்கள். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே நிற்கும் வோல்ட்டேஜை, ஓடும் கரண்டால் பெருக்கினால் டிரான்சிஸ்டர் விழுங்கும் வாட் கிடைத்துவிடும். பேஸின் பங்கு சொற்பம், விட்டுவிடலாம். முழுதாகத் திருப்பியபோது மீட்டரில் 0.8 வோல்ட், கரண்ட் ஏறத்தாழ 0.9 ஆம்பியர். 1 வாட் கூட இல்லை. பாதிக்கு இறக்கினால் கம்பிக்கு 6 வோல்ட், டிரான்சிஸ்டருக்கு 6 வோல்ட், கரண்ட் 0.5 ஆம்பியர். 3 வாட்! கரண்ட் குறைந்தும் சூடு நான்கு மடங்கு.

"40 வாட் தாங்கும் என்றார்களே?" என்று விடாமல் கேட்டார். உறையை 25 டிகிரியிலேயே பிடித்து வைக்க முடிந்தால் தாங்கும். அப்படிப் பிடித்து வைப்பவர் யாரென்று தெரியவில்லை. வெறுங்காற்றில் 2 வாட்தான். வாட்டுக்கு 62.5 டிகிரி வீதம் 3 வாட்டுக்கு 187 ஏறும். அறை 35 என்றால் உள்ளே 220ஐத் தாண்டும். அதன் வரம்போ 150. சரக்கு நல்ல சரக்குதான். சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு, அதாவது ஹீட்சிங்க், ஒன்றைக் கணக்கிட்டு மாட்டிக் கொடுத்தேன்.

—

ஐயா, ஹீட்சிங்க் அளவை எப்படிக் கணக்கிட்டீர்கள்?

—

தம்பி, உள்ளே 125க்கு மேல் விடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் 45. இடைவெளி 80, 3 வாட்டால் வகுத்தால் வாட்டுக்குச் சுமார் 26 டிகிரி. சில்லிலிருந்து உறை வரை 3.1, மின்சாரம் கடக்காமல் இடையில் வைக்கும் மைக்காத் தகட்டுக்குச் சுமார் 1 கழித்தால் வாட்டுக்கு 22 டிகிரி மிஞ்சுகிறது. வாட்டுக்கு 15 டிகிரி மட்டும் ஏறும் ஹீட்சிங்காகப் பார்த்து மாட்டினேன். உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது என்பதால்தான் மைக்கா வைத்தேன்.

—

நான் இதே வேலைக்கு 555 டைமர் ஐசி வைத்து, எமிட்டரைக் கிரவுண்டில் கட்டி, டிரான்சிஸ்டரை வேகமாக ஆன், ஆஃப் செய்து விட்டுவிட்டு ஓட்டுகிறேன். ஆன் ஆகும்போது அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே நிற்கிறது. பாதி நேரம்தான் ஆன். கால் வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. ஹீட்சிங்க் போடவில்லை. பேஸுக்கு மட்டும் 100 மில்லியாம்பியர் கொடுங்கள். கஞ்சத்தனம் செய்தால் மறுபடி சூடாகும்.