பயிற்சியில் இறந்த காவலரின் பெயரை ஊர் நினைவுக்கல்லில் சேர்க்கலாமா?

ரப்பர்காட்டான்:
எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். எங்களோடு ஓடிப் பழகிய ஒரு பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஜெயித்துப் பயிற்சிப் பள்ளிக்குப் போனான். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும் என்று விடியற்காலை நாலரைக்கே எங்கள் எல்லாரையும் எழுப்பி விடுகிறவன் அவன்தான். பயிற்சி முடிய சில வாரங்களே இருந்தபோது ஒருநாள் காலை ஓட்டத்தில் சுருண்டு விழுந்தான், அப்புறம் எழவே இல்லை.

இப்போது ஊரில் காவல்துறையிலும் ராணுவத்திலும் பணியில் இறந்தவர்களுக்கு ஒரு கல் வைக்கிறோம். மூன்று பெயர்கள் முடிவாகிவிட்டன. இவன் பெயரையும் சேர்ப்போம் என்றதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அவன் இன்னும் போலீஸே ஆகலியே" என்று ஒருத்தர் சத்தமாகச் சொன்னார், பக்கத்து பெஞ்சில் அவனுடைய அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் கருத்து என்ன?

குளச்சல்_காற்று:
கோபப்படாதீங்க மக்கா, நான் அந்த ஒருத்தர் பக்கம்தான். 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச்சாவடியில் காவலுக்கு நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) வில்சனைச் சுட்டுக் கொன்றார்களே, அதையும் மைதானத்தில் மயங்கி விழுந்ததையும் ஒரே கல்லில் எழுதினால் "வீரமரணம்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? பையனுக்குத் தனியாக ஏதாவது செய்யலாம், ஒரு ஓட்டப்பந்தயம் மாதிரி.

பழைய_ஏட்டு:
தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவன். அக்டோபர் 21 வீரவணக்க நாள் எதற்கு வந்தது தெரியுமா? 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம் சீனப்படை சுட்டதில் இறந்த 10 காவலர்களுக்காக. அவர்கள் சண்டைக்கா போனார்கள்? ரோந்து போய்த் திரும்பாத சகாக்களைத் தேடிப் போனவர்கள். டெல்லி சாணக்யபுரியில் 2018-ல் திறந்த தேசிய காவலர் நினைவிடத்துச் சுவரில் அன்றைக்கே 34,844 பெயர்கள். அத்தனை பேருமா துப்பாக்கிக் குண்டில் செத்தார்கள்?

பயிற்சிப் பள்ளிக்குள் போன அன்றிலிருந்து சம்பளம் உண்டு, கட்டுப்பாடு உண்டு, லீவு கேட்டாலும் கிடைக்காது. ஓடு என்றால் ஓடத்தான் வேண்டும், அதுதான் அவனுக்குக் கொடுத்த டியூட்டி. 2016-ல் பாகிஸ்தானின் குவெட்டாவில் போலீஸ் பயிற்சிக் கல்லூரிக்குள் புகுந்து சுமார் 60 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பயிற்சிக் காவலர்கள். அவர்களையும் போலீஸ் ஆகவில்லை என்று தள்ளிவிடுவீர்களா? ஒன்று மட்டும் நீங்கள் சொல்வது சரி. "வீரமரணம்" என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் சண்டைதான் வரும். "பணியில் உயிர்நீத்தோர்" என்று வையுங்கள்.

வேளிமலை_அக்கா:
பெயர் சண்டை இருக்கட்டும், கல்லை எங்கே வைக்கப் போறீங்க? முக்கு ரோட்டில் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். பொதுச்சாலை, நடைபாதையில் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. பட்டா நிலத்தில் வையுங்கள், உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த அப்பா அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? கல்லில் பெயர் வேண்டுமா என்று முதலில் அவர்கள்தானே சொல்ல வேண்டும்.

ரப்பர்காட்டான்:
அக்கா சொன்ன பிறகுதான் உறைத்தது, நாங்கள் யாரும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் போனேன். பெயர் போடலாம் என்றார் அப்பா. "காவலர்" என்று மட்டும் போடட்டுமா என்றேன், வேண்டாம், "பயிற்சிக் காவலர்" என்றே இருக்கட்டும், அவன் ஆகாததை ஆனதாக எழுத வேண்டாம் என்றார். அம்மா எதுவும் பேசவில்லை, உள்ளே போய் அவனுடைய இனிஷியலைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார், போன தடவை ரேஷன் கார்டில் தப்பாகிவிட்டதாம்.

ஏட்டையா சொன்ன தலைப்புக்கு எதிர்த்தவர்களும் சரி என்றுவிட்டார்கள், ஒருத்தரைத் தவிர. மயிலாடியில் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அம்மா எழுதிய அந்தத் தாளையும் கல் செதுக்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.